காக்கை விரட்டும் வயசு

பிறந்த தேதியை யாரும் எழுதிவைக்காத காலத்தில், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாத்தியார் ஒரு பரீட்சை வைப்பார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயசு, உள்ளே வா. எட்டவில்லையா, இன்னும் ஒரு வருஷம் மண்ணில் விளையாடிவிட்டு வா. கை குட்டையாகப் பிறந்த தோஷத்தால் ஏழெட்டு வயசு வரை மண்ணிலேயே கிடந்தவர்கள் எங்கள் சொந்தத்தில் உண்டு. அதில் ஒருவர், கை எட்டாதென்று தெரிந்ததும் காதைக் கை இருக்கும் இடத்துக்குச் சாய்த்துக் கொடுத்தாராம். “இந்தப் பயலுக்குச் சொல்லிக்கொடுக்க என்கிட்ட ஒண்ணுமில்ல” என்று வாத்தியார் திருப்பி அனுப்பிவிட்டதாக அவரே சொல்வார். படிக்காமல் போனதற்கு இதைவிடக் கௌரவமான காரணத்தை நான் கேட்டதில்லை.

நாங்கள் இருக்கும் ரங்கூனில் இன்னும் பழைய பரீட்சை ஒன்று உண்டு. (ஊருக்கு 1989-ல் யாங்கோன் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வீட்டுக்கு அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை.) பர்மியக் குடும்பங்களில் ஆண் பிள்ளைக்கு ஷின்பியூ செய்வார்கள். இளவரசன் வேஷம் போட்டு, ஊர்வலம் விட்டு, மொட்டையடித்து, கொஞ்ச நாளைக்கு மடத்தில் சாமியாராக விடுகிற சடங்கு. எந்த வயசில் விடலாம்? பதினைந்துக்குக் குறைந்தவனைச் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்றுதான் முதலில் விதி. ஒருசமயம் நோயில் குடும்பமே போய் இரண்டு பையன்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களை என்ன செய்வது என்று சீடர் ஆனந்தர் புத்தரிடம் போய் நின்றார். பிள்ளைகளுக்குக் காக்கை விரட்டத் தெரியுமா என்பதுதான் புத்தர் கேட்ட ஒரே கேள்வி. தெரியும் என்றார் ஆனந்தர். அப்படியானால் சேர்க்கலாம் என்று ஆயிற்று. பிக்குகளின் விதிநூலான விநய பிடகத்திலேயே இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் வேண்டாம், ஜெராக்ஸ் வேண்டாம், அட்டெஸ்டேஷன் வேண்டாம். ஒரு காக்கை வந்து உட்கார்ந்தால் போதும்.

கைபேசிக்கு மட்டும் இப்படி ஒரு பரீட்சையைப் பெரியவர்கள் யாரும் வைத்துவிட்டுப் போகவில்லை. அதனால்தான் எங்கள் வீட்டில் இத்தனை கூத்து.

கியாக்டடாவில் 37-வது தெரு. சூலே பகோடாவிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். கீழ்வாசலிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறி வரப் பதினைந்து நிமிஷம். ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கோலாலம்பூரில் இருக்கும் என் மகள், தன் பழைய போன் ஒன்றை ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. ‘பாப்பாவுக்கு ஆகும்’ என்று ஒரு சீட்டு மட்டும் இருந்தது. பாப்பா என்பது என் மகன்வழிப் பேத்தி, ஒன்பது வயசு. மருமகள் அந்தப் போனைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்து அலமாரியைப் பூட்டினாள். அன்று ராத்திரியே சபை கூடியது.

மகன் தன் போனைப் பார்த்து உலக நிலவரம் வாசித்தான். இரண்டிலிருந்து நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. ஃபேஸ்புக்குக்கு 13. பிரான்சில் 2018-லேயே 15 வயசு வரை பள்ளிக்கூடத்துக்குள் போனைத் தடுத்துச் சட்டம். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் சமூக வலைதளக் கணக்குக்கு 16. அந்தந்த நாட்டில் கையும் காதும் வேறு வேறு நீளம் போலிருக்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

“டியூஷன் முடிஞ்சு வர நேரமாகும் மாமா. கரண்டும் இருக்காது. ஒரு அவசரம்னா என்ன பண்ணும் புள்ள?” என்றாள் மருமகள்.

நியாயமான கவலை. ஆனால் அவசரம் என்று ஒன்று வந்தால் இந்த ஊரில் முதலில் போவது போன்தான். ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி விடிந்தபோது இணையமும் இல்லை, கூப்பிட்டால் லைனும் போகவில்லை. மறுநாளிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு ஊரே பால்கனியில் நின்று பாத்திரம் தட்டியது. அடுப்படி வரைக்கும் சேதி அப்படித்தான் போயிற்று. இதற்கு மேல் அதை எழுதினால் இது நகைச்சுவைக் கட்டுரையாக இருக்காது.

என் வீட்டுக்காரிக்கு வேறு கணக்கு. அவளுடைய அக்கா 1964-ல் கப்பலேறிச் சிவகங்கைப் பக்கம் போய்ச் சேர்ந்தவள். இப்போது வாட்ஸ்அப்பில் தினமும் பேச்சு. மகன் வேலைக்குப் போய்விட்டால் போனும் அவனோடு போய்விடுகிறது. என்னுடையதில் திரை உடைந்து அக்கா முகம் இரண்டாகத் தெரிகிறதாம். பேத்திக்குப் போன் வந்தால் பகல் முழுக்க அது வீட்டில் இருக்கும் என்று இந்தம்மா கண்டுபிடித்து வைத்திருந்தாள். “குழந்தைக்குன்னு ஒண்ணு இருக்கட்டுங்க” என்று அவள் உருகிய உருக்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் தலைமுறைக்கு எந்த வயசில் போன் என்ற கேள்வியே இருந்ததில்லை. பான்சோடான் தெருவில், எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், மத்தியத் தந்தி ஆபீஸ் கட்டடம் இருக்கிறது. கல்யாணமோ சாவோ அங்கிருந்துதான் ஊருக்குச் சேதி போகும். உள்ளூரில் பேச வேண்டுமென்றால் நடைபாதை. ஒரு சின்ன மேசை, அதன்மேல் இரண்டு மூன்று லேண்ட்லைன் போன், பின்னால் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பெண், அவள் கையில் கடிகாரம். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. பஸ் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேச வேண்டும். சம்பந்தி வீட்டோடு என்ன தகராறு, நகை எத்தனை பவுனில் நிற்கிறது, எல்லாம் பக்கத்து வெற்றிலைக் கடைக்குக் கேட்கும். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் வெற்றிலைக்காரர் தீர்ப்பே சொல்லிவிடுவார். பேசுகிறவருக்கு அந்தரங்கம் வேண்டும் என்கிறார்களே, அது எங்கள் தெருவுக்கு ரொம்பப் பிந்தி வந்த சரக்கு.

பிறகு கைபேசி வந்தது. வந்தது என்றால் கண்ணாடிக்குப் பின்னால் வந்தது. 2000-களில் சிம் அட்டை ஒன்றின் விலை இரண்டாயிரம் டாலருக்கு மேலே போன காலம் உண்டு. போன் அல்ல, வெறும் சிம். அதை வைத்திருந்தவர் லுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு தேநீர்க் கடைக்கு வந்தால் எழுந்து இடம் கொடுத்தோம். மணி அடித்தால் கடையே பேச்சை நிறுத்தும்.

2013 ஏப்ரலில் அரசாங்கம் 1,500 கியாட்டுக்கு சிம் தருவதாகச் சொல்லி, மூன்றரை லட்சம் அட்டைகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தது. ஆக, எங்களுக்கெல்லாம் போன் வைத்துக்கொள்ளும் வயசு எதுவென்றால், குலுக்கலில் பெயர் விழுகிற வயசு. 2014-ல் ஊரிடூ, டெலிநார் கம்பெனிகள் வந்த பிறகுதான் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. அதே 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவையை மூடினார்கள். அதே வருஷம்தான் சென்னையில், யூடியூபில் குழந்தைப் பாட்டுப் போடுகிற சுச்சு டிவியும் தொடங்கியது. குலுக்கலும் தந்தியும் ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கள் வீட்டு சரித்திரத்தை மாற்றியது இந்த மூன்றாவதுதான்.

எப்படியென்றால், பாப்பாவுக்கு ஒன்றரை வயசில் பருப்புச்சோறு இறங்காது. ஒரு நாள் மகன் தன் போனை எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைத்து ஒரு பாட்டைப் போட்டான். வாய் திறந்தது. கிண்ணம் காலியானது. அன்றிலிருந்து ஒவ்வொரு கவளத்தோடும் போன் உள்ளே போயிருக்கிறது. பல் முழுசாக முளைக்கும் முன்னாலேயே கொடுத்துவிட்டு, ஒன்பது வயசில் கொடுக்கலாமா என்று சபை கூட்டுகிற தைரியம் நம் ஜனங்களுக்குத்தான் வரும். நான் இதைச் சொன்னதும் மகன் உலக நிலவரம் வாசிப்பதை நிறுத்தினான்.

பரீட்சை வைப்போம் என்றேன். என்ன பரீட்சை என்றார்கள். கயிறு என்றேன்.

ரங்கூனுக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுநகரத்துத் தெருக்களில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் கயிறுகள் தெருவரைக்கும் தொங்கும். எங்களுடையது நீல நைலான் கயிறு. மேல்முனையில் பால்கனிக் கம்பியில் ஒரு வெண்கல மணி. கீழ்முனையில் காகிதம் கவ்வுகிற இரும்புக் கிளிப். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். எட்டிப் பார்த்து, காசைக் கிளிப்பில் மாட்டி இறக்கி, சாமானைக் கட்டச் சொல்லி மேலே தூக்க வேண்டியது. பேப்பர்காரர் ஒரு இழுப்பு இழுப்பார். அவித்த பட்டாணி விற்கிற அம்மா இரண்டு இழுப்பு. தெருவில் போகிற விடலைகள் சும்மா இழுத்துவிட்டு ஓடுவார்கள். அது ராங் நம்பர். ஜூன் மாதக் காற்றில் நாலாவது மாடிக் கயிறு எங்கள் கயிற்றோடு பின்னிக்கொண்டு, அவர்கள் வாங்கிய மீன் எங்கள் வீட்டுக்கு வரும், கிராஸ் டாக். மூன்று நாள் விடாமல் மழை பிடித்துவிட்டால் யாரும் இழுக்கமாட்டார்கள், சிக்னல் இல்லை.

போனில் தெரிய வேண்டியது எல்லாம் இந்தக் கயிற்றில் இருக்கிறது என்பது என் கட்சி. யார் கூப்பிடுகிறார்கள், எட்டிப் பார்க்கலாமா கூடாதா, என்ன கேட்கிறார்கள், காசை முதலில் இறக்கலாமா சாமானை முதலில் ஏற்றலாமா, எதை வாங்கி மேலே இழுத்தால் அம்மா திட்டுவாள். கயிற்றை ஆளத் தெரிந்த பிள்ளை போனையும் ஆளும். மகன் முனகினான். மருமகள் “மாமா சொல்றது சரிதான்” என்றாள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மோஹிங்கா (மீன்குழம்பு ஊற்றிய சேமியா) வாங்க அவளுக்கும் ஆள் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா பால்கனியில் நின்றாள். முதல் மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டு, “சும்மா இழுக்கிறாங்க” என்று திரும்பிவிட்டாள். இரண்டாவது மணி மோஹிங்காக்காரர். காசை எண்ணிக் கிளிப்பில் மாட்டி, கயிறு ஆடாமல் இறக்கினாள். அவர் குழம்பைத் தனிப் பையிலும் சேமியாவைத் தனிப் பையிலும் முடிந்து, மேலே நாலு வடையையும் கட்டிவிட்டார். பை இரண்டாவது மாடி தாண்டியது. மூன்றாவது மாடி ஏசி பெட்டிமேல் மூன்று காக்கைகள் தயாராக உட்கார்ந்திருந்தன. இந்த ஊர்க் காக்கைக்கு எந்தக் கயிற்றில் எத்தனை மணிக்கு வடை வரும் என்பது பாடம். முதல் காக்கை கழுத்தை நீட்டியது. வேகமாக இழுத்தால் குழம்பு சிந்தும், மெதுவாக இழுத்தால் வடை போகும். பாப்பா இரண்டும் செய்யவில்லை. இடது கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கொடியில் கிடந்த என் ஈரத் துண்டை உருவி, கீழே பார்த்து ஒரு உதறு உதறினாள். காக்கைகள் எழுந்து எதிர்மாடிக்குப் போயின. மூன்றாவது மாடிக்காரர் தலை நனைந்து வெளியே வந்து, மேலே பார்த்து, பர்மியத்தில் எதையோ ஆரம்பித்தார். அதற்குள் வடை பால்கனிக்கு வந்துவிட்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புத்தர் வைத்த பரீட்சையில் தேறினவளுக்கு ஆஸ்திரேலியா என்ன சொன்னால் என்ன? மகனும் ஒப்புக்கொண்டான். மருமகள் அலமாரியைத் திறந்து போனை எடுத்துவந்தாள். நிபந்தனைகள் வாசித்தோம்: ராத்திரி எட்டுக்கு மேல் கூடாது, சாப்பிடும்போது கூடாது, படுக்கையில் கூடாது.

“கடைக்குப் போனா இனிமே காசு கொண்டுபோக வேண்டாம்டா. கேபிஇசட் பே போட்டுத் தரேன், ஸ்கேன் பண்ணிட்டு வந்திடலாம்” என்று மருமகள் ஆசை காட்டினாள்.

பாப்பா முகம் மாறியது. “ஸ்கேன் பண்ணா எவ்வளவு போகும்?”

“சாமான் என்ன விலையோ அவ்வளவு.”

“மீதி?”

“மீதி ஏது? சரியாத்தானே போகும்.”

“அப்ப எனக்குப் போன் வேணாம்” என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கடைகளில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுக்குப் பஞ்சம். மீதிக்குக் கடைக்காரர் மிட்டாய் கொடுப்பார். பெரிய கடையானால் காப்பிப் பொட்டலமோ டிஷ்யூவோ. எங்கள் வீட்டில் கடைக்குப் போகிறவள் பாப்பாதான். வெங்காயம் வாங்கினால் இரண்டு, முட்டை வாங்கினால் மூன்று என்று அவளுக்கு ஒரு வருமானம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அலமாரியில் போனைப் பூட்டிவைத்து இத்தனை பேசினோமே தவிர, உனக்கு வேண்டுமா என்று அவளை யாரும் கேட்கவில்லை.

“மிட்டாய் அப்பா வாங்கித் தரேண்டா” என்றான் மகன்.

“நீங்க வாங்கித் தந்தா அம்மா எண்ணுவாங்க.”

“அப்போ எப்பதான் போன் வாங்கிப்ப?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “கடையில சில்லறை வர ஆரம்பிச்சதும் சொல்றேன்ப்பா.”

இங்கே விலைவாசி ஏறுகிற ஏற்றத்தில் ஐம்பது கியாட் நோட்டு இனித் தலைகாட்டுமா என்பதே சந்தேகம். மகன் பேசாமல் இருந்தான். மருமகள் போனைத் துடைத்து மறுபடி பட்டுப்புடவைக்கு நடுவில் வைக்கப் போனாள்.

“அதுவரைக்கும் அது சும்மாதானே கிடக்கும்?” என்று என் வீட்டுக்காரி கையை நீட்டினாள்.