சொப்பிங் பை மகாத்மியம்

கடல்கடந்து செல்வோனுக்கு இன்றியமையாத சாதனம் யாது என்னும் வினாவுக்குப் பணமென்பாரும், ஸ்பொன்சர் செய்யும் பிள்ளையென்பாரும், கொழும்பிலே தங்குவதற்கு ஓர் இனசனத்தின் வீடென்பாருமாக வாதிகள் பலராயினும், வேலணைத் தீவகத்துச் சுருவிற் கிராமத்திலே இவ்விடயமாக வழங்கிவரும் ஆசாரங்களை ஊன்றி நோக்கிய எவரும், அது புடைவைக்கடைச் சொப்பிங் பையே என்னும் முடிபுக்கன்றிப் பிறிதொன்றுக்கு வருதல் இயலாது.

யாழ்ப்பாணத்துக் கடைகளில் விற்கும் பைல் கவர் இதற்குப் போதாதோ என்பது பரபக்கம். போதாது. கவர் என்பது தம்முள் முரணாத கடதாசிகளுக்கு ஏற்பட்டது. சுருவிலாருடைய கடதாசிகளோ ஒன்றையொன்று மறுக்குஞ் சுபாவமுடையன. பிறப்புப் பதிவிலே நாகம்மாவாக அவதரித்து, அடையாள அட்டையிலே நாகம்மாளாகி, விவாகப் பதிவிலே நாகரத்தினமாக மாலை சூடி, ஊரவர் வாயிலே கிளியக்காவாக விளங்கும் ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோமாயின், இந்நால்வரும் ஒருவரே என்னும் அபேத சித்தாந்தத்தை நிலைநாட்டச் சங்கரர் வரவேண்டியதில்லை. சமாதான நீதவான் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி ஒன்று போதும். அதற்குமேல், ரொறன்ரோவிலிருக்கும் மகளுக்குக் குடும்பப்பெயர் தகப்பன் பெயர், தாய்க்கோ தன் தகப்பன் பெயர் என்றிருப்பதால், பெற்றவள் இவளே என்பதற்கு மகளின் பிறப்புச் சான்றிதழும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், அம்மொழிபெயர்ப்பு மெய்யானது என்பதற்கு ஒரு முத்திரையும் வேண்டப்படும். இவ்வளவையும் சொப்பிங் பையிலிட்டு, வாய் முறுக்கிச் சணல்நூலாற் கட்டி, றங்குப்பெட்டியின் அடியில், கூறைச்சேலைக்குக் கீழே வைப்பதே ஊர் வழக்கம்.

பண்டைக் காலத்தார்க்கு இவ்வுபாதி இருந்திலது. 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வரும்வரை, இந்தியாவுக்குப் போக இலங்கையர்க்குக் கடவுச்சீட்டு வேண்டியிருக்கவில்லை. ஊர்காவற்றுறையிலே பாய்விரித்த தோணி நாகபட்டினத்தை நாடிச் செல்ல, அதிலிருந்தவரைக் கேட்டதெல்லாம் காற்றுத்தான். தேசிய அடையாள அட்டை வந்ததே 1972இல். எனினும் சொப்பிங் பையின் உற்பத்தியை இச்சட்டங்களிலே தேடுதல் பிழையாகும். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்துச் சனங்கள் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டபோது, ஆடுமாட்டை அவிழ்த்துவிட்டு, கிணற்றுக் கயிற்றைக்கூடக் கழற்றாமல், உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் மட்டும் எடுத்தோடியவர் உளர். எடாதவர் பின்னர்ப் பிரதி வேண்டிக் கச்சேரி வாசலிலே நின்றனர். பை அப்போதே பழக்கமாயிற்று. விசா அதற்குப் பிற்காலத்தில் வாய்த்த ஒரு பிரயோசனம் மாத்திரமே.

இனித் தேகசுகம். கனடா அரசினர் 2011ஆம் ஆண்டின் இறுதியிலே பெற்றோர்க்கென ஏற்படுத்திய சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 100,000 கனேடிய டொலர் பெறுமதியான மருத்துவக் காப்புறுதியும், அவர்களால் அங்கீகரிக்கப்பட்ட வைத்தியரின் பரிசோதனையும் விதிக்கப்பட்டுள்ளன. நெஞ்சுப் படத்திலே வைத்தியர் முக்கியமாகத் தேடுவது கசத்தை. நம்மவர் அஞ்சுவதோ சீனி வருத்தத்தை. ஆதலின் மெடிக்கலுக்கு நாட்குறித்த அன்றே பாகற்காய் வாங்கப்படும். தேநீரிற் சீனி விலக்கப்படும். ஐம்பது வருடம் சுருட்டுக் குடித்தவர் ஒரு கிழமை நிறுத்திவிட்டு, நெஞ்சு வெளுத்துவிட்டதென்று தாமே தீர்ப்புரைப்பார். இத்தவமெல்லாம் கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸிலே, கண்விழிப்பினாலும், வழியிற் கடித்த உழுந்து வடையினாலும் நாசமாகி, காலையிலே பிரஷர் ஏறி நிற்கும். அயலவர் இதற்கு மருந்தாகக் கூறுவது, கைப்பட்டி சுற்றும்போது நயினை நாகபூஷணியை நினைத்து மூச்சை அடக்குதல். மூச்சை அடக்கினால் அமுக்கம் தணியாது, ஏறவுங் கூடும் என்பது எம் கருத்தாயினும், நினைப்பதை வேண்டாமென்று சொல்ல எமக்குத் துணிவில்லை.

வைத்தியரிடம் செல்வோர் தாம் உட்கொள்ளும் மருந்துகளின் விபரத்தையும் கொண்டுசெல்ல வேண்டுமாகையால், பாதி தின்ற குளிசை மட்டைகளும் பைக்குள் இடம்பெறும். மூக்குக்கண்ணாடியும், இனிமேற் பயன்படாத பழைய கிளினிக் கொப்பியும் உடன்செல்லும். நெஞ்சுப் படம் மாத்திரம் எப்பைக்குள்ளும் அடங்காது, மடித்தால் முறியும் என்று பைல் கவர்க் கட்சியார் நெடுங்காலம் சொல்லிவந்த ஆட்சேபமொன்றுண்டு. அப்படத்தை இப்போது வைத்தியரே கணினி வழியாகக் கனடாவுக்கு அனுப்பிவிடுவதால், அதுவும் கழிந்தது.