தீவே சொந்தம், தந்தம் யாருக்கு?

பெரிய இடத்துச் சண்டையில் சத்தம் வராது. ஈ. லாக்ஹார்ட் 2014-இல் எழுதிய ‘வீ வேர் லயர்ஸ்’ நாவலின் சின்க்ளேர் குடும்பத்துக்கு மாசசூசெட்ஸ் கடலோரத்தில் ஒரு தீவே சொந்தம். தாத்தாவுக்கு ஒன்று, மூன்று மகள்களுக்கு ஆளுக்கொன்று என நான்கு வீடுகள். ஆனாலும் பாட்டி கண்ணை மூடியதும் மகள்கள் மோதிக்கொள்வது கறுப்பு முத்துமாலைக்கும் தந்தப் பொம்மைகளுக்கும்தான். அதையும் மதுக் கோப்பையைச் சிந்தாமல் செய்கிறார்கள், வளர்ப்பு அப்படி!

அந்த மூன்று மகள்களில் ஒருத்தி, புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று, கலங்கி நிற்கும் தன் மகளிடம் சொல்வது, இயல்பாக இரு என்பதுதான். பிறகு அவர் கொடுத்ததையெல்லாம் வீசிவிட்டுப் புது சோபா வாங்குகிறாள். துக்கம் விசாரிக்க வருகிறவருக்கு உட்கார இடம் வேண்டாமா?

வருஷாவருஷம் கோடைக்கு வந்துபோகும் இந்திய வம்சாவளிப் பையன் கேட், கலங்கி நின்ற அந்தப் பேத்தியை நேசிக்கிறான். தாத்தா அவனைத் திட்டுவதில்லை. இருந்தாலும் அவன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்துவிடுகிறது. இந்த நாசூக்கு இருக்கிறதே, அதற்கு நாலு வசவு எவ்வளவோ மேல்.

கதைசொல்லியான அந்தப் பேத்திக்கு ஒரு கோடைக்காலத்தின் பெரும்பகுதி மறந்துபோய்விட்டது. தலைவலி மட்டும் மிச்சம். மறதிக்குக் காரணம் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது, நான் உடைக்க மாட்டேன். இந்த நாவல் 2025-இல் தொடராகவும் வந்துவிட்டது. நான் பார்த்தபோது, எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த வீடுகளின் சமையலறையைத்தான் கவனித்தார்கள்.