பேசாத எக்ஸ்ப்ளோரர்: ஓர் அளவையியல் ஆய்வு

உறைந்துபோன ஃபைல் எக்ஸ்ப்ளோரர் எல்லார்க்கும் ஒரே பொருளன்று. கண்ணால் காண்பவருக்கு அது வெளிறிய ஒரு சன்னலும் சுழலும் நீல வட்டமும். குற்றவாளி யார் என்பது தலைப்புப் பட்டையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. திரைவாசிப்பானைக் கொண்டு இயங்குபவருக்கோ அது வெறும் மௌனம். கீழ் அம்பை அழுத்தினால் அடுத்த கோப்பின் பெயர் ஒலிக்க வேண்டும், ஒலிக்கவில்லை. அவ்வளவே சான்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதை அடுக்கும் அளவைகளுள், அதாவது அறியும் வழிகளுள், அபாவம் என்று ஒன்று உண்டு: ஒன்று இல்லாமையை அறிதல். கணினிப் பழுதாய்வில் அதற்கு இவ்வளவு வேலை வரும் என்று அங்கே அதை எடுத்துரைத்த வைதிகவாதி எண்ணியிருக்க நியாயமில்லை.

மௌனம் யாருடையது என்பதே முதல் வினா. இதில் மூன்று கட்சிகள் உண்டு. எக்ஸ்ப்ளோரரே ஊமை என்பது முதற்கட்சி. திரைவாசிப்பானே ஊமை என்பது இரண்டாவது. மூன்றாங்கட்சியார் உடனே கணினியை அணைத்துப் போட்டுவிடுவதால் வாதத்துக்கு நிற்பதில்லை.

முதலிரு கட்சிகளும் முட்டிக்கொள்ளக் காரணம், இரண்டு மென்பொருள்களின் உறவுமுறைதான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் தே உடன் சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானை எடுத்துக்கொள்ளலாம். அது திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. ‘இப்போது தேர்வில் இருப்பது எது?’ என்று எக்ஸ்ப்ளோரரையே கேட்டுப் படிக்கிறது. எட்டாத நெட்வொர்க் டிரைவ் ஒன்றின் வாசலில் எக்ஸ்ப்ளோரர் நின்றுவிட்டால், கேள்வி கேட்ட என்விடிஏயும் பதிலுக்காக நின்றுவிட நேரும். வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டு மௌனமும் ஒன்றே.

ஆகவே கருதல் என்னும் அனுமான அளவைக்குப் போக வேண்டும். ஆல்ட்டும் டேபும் அழுத்தி நோட்பேடுக்கு மாறும்போது பேச்சு வந்தால் திரைவாசிப்பான் பெரும்பாலும் நிரபராதி. எக்ஸ்ப்ளோரருக்குத் திரும்பி இன்சர்ட்டுடன் டி (T) அழுத்தினால் சன்னலின் தலைப்பு ஒலிக்கும்; அதன் வாலில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்தால் வழக்கு முடிந்தது. ஒரு சன்னல் சுமார் 5 விநாடி எந்தச் செய்திக்கும் செவிசாய்க்காவிட்டால் விண்டோஸே ஒட்டும் முத்திரை அது. எங்குமே பேச்சில்லை என்றால், இன்சர்ட்டுடன் எஸ் தவறுதலாக அழுத்தப்பட்டுப் பேச்சு நிறுத்தப்பட்டிருக்கலாம். நிரபராதிக்கு முன் இட்ட ‘பெரும்பாலும்’ என்ற அடைமொழிக்குக் காரணம் ஸ்லீப் மோடு. இன்சர்ட், ஷிப்ட், எஸ் மூன்றும் சேர்ந்தால், அப்போது திறந்திருக்கும் செயலியில் மட்டும் என்விடிஏ உறங்கப் போய்விடும். நோட்பேடில் பேசும், எக்ஸ்ப்ளோரரில் பேசாது. குற்றமற்ற எக்ஸ்ப்ளோரர்கள் பல கொல்லப்பட்டது இந்தப் பொய்ச்சான்றால்தான் என்று கருத இடமுண்டு.

குற்றம் உறுதியானபின் தண்டனை. இங்கேதான் துறையின் பெருஞ்சிக்கல் எழுகிறது. எக்ஸ்ப்ளோரர் வெறும் கோப்பு மேலாளர் அன்று. டெஸ்க்டாப், டாஸ்க்பார் எல்லாமே அதன் ஆட்சி. ரன் பெட்டியை அழைக்கும் விண்டோஸ்-ஆர் அதன் கையில். திரைவாசிப்பானை மீண்டும் எழுப்பும் கன்ட்ரோல்-ஆல்ட்-என் என்பதும் டெஸ்க்டாப் குறுக்குவழி ஆகையால் அதுவும் அதன் கையில். வீடு பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே. இந்த ஆட்சிக்கு வெளியே நிற்பது கன்ட்ரோல்-ஷிப்ட்-எஸ்கேப். அது டாஸ்க் மேனேஜரை நேரே திறக்கும். அங்கே ‘ஃபைல் எக்ஸ்ப்ளோரர்’ என்று தேடுபவர் ஏமாறுவார். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது பெயர் மாறியது. டாஸ்க் மேனேஜருக்கு அது இன்னும் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’தான். அதைத் தேர்ந்து ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் திறந்த கோப்புறைகள் மூடும், நடந்துகொண்டிருந்த நகலெடுப்பு அறுபடும், டெஸ்க்டாப் மறைந்து திரும்பும். திரும்பாவிட்டால் அங்கேயே ‘ரன் நியூ டாஸ்க்’ வழியாக explorer.exe என்று தட்டி அழைத்துக்கொள்ளலாம்.

காரணங்களுள் சாகும் பென் டிரைவும் தொலைந்த நெட்வொர்க்கும் எல்லார்க்கும் பொது. மெனு விசையை அழுத்தும்போது மட்டும் உறைந்தால், வேறு மென்பொருள்கள் அந்த மெனுவில் செருகிய நீட்சிகளைச் சந்தேகிக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு மிக உகந்தது முன்னோட்டப் பலகம். பழுதான ஒரு காணொளிக்கோ பிடிஎஃப்புக்கோ படம் காட்ட முயன்று அது எக்ஸ்ப்ளோரரையே முடக்கக்கூடும். படத்தைப் பார்க்கவே போகாத ஒருவருக்காகப் படம் வரைய முயன்று கணினி மூச்சுத்திணறுவது தொண்டுள்ளத்தின் உச்சம். ஆல்ட்-பி அந்தப் பலகத்தை மூடும். சிறுபடங்களுக்குப் பதில் ஐகான் மட்டும் காட்டும் தெரிவு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் உள்ளது.

எக்ஸ்ப்ளோரர் நன்றாக இயங்கியும் என்விடிஏ அதை மட்டும் வாசிக்க மறுத்தால் இரண்டாங்கட்சியே வெல்லும். ஆட்-ஆன்களை முடக்கி மறுதொடக்கம் செய்வது முதல் மருந்து. அடுத்தது டூல்ஸ் மெனுவிலுள்ள காம் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபிக்சிங் டூல். இது வேறு நிரல்கள் கலைத்துவிட்ட பதிவுகளைச் சீராக்கும்.

எஞ்சிய அளவை உரை, அதாவது அருகிலிருக்கும் பார்வையுள்ளவரின் வாக்கு. சைவ சித்தாந்தம் இதைப் பேரளவையாகக் கொண்டது ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், வாக்கு என்ற நம்பிக்கையில். இத்துறையில் கிடைக்கும் வாக்குகளோ இரண்டே: ‘ஏதோ சுத்திக்கிட்டே இருக்கு’, ‘நல்லாத்தானே இருக்கு’. இவற்றால் எந்தக் கட்சியும் நிறுவப்படுவதில்லை. ஆகவே சாட்சி சொல்ல அழைக்கப்படுவோர் தலைப்புப் பட்டையில் இருப்பதை எழுத்து மாறாமல் வாசித்தால் போதும். மவுசைத் தொட வேண்டாம்.