சும்மா இருக்கிறவர்கள் எத்தனை பேர்?

கேள்வி: தொழிற்படைப் பங்கேற்பு வீதம், வேலையின்மை வீதம் இரண்டும் ஒன்றுதானே?
– உப்புவெளி வாசகர்

பதில்: ஒன்றென்றால் அமைச்சர்மார் மேடையில் இரண்டாவதை மட்டும் சொல்வார்களா? 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் அல்லது தேடுகிறார்கள் என்பது முதலாவது. 2023இல் இலங்கையில் அது 48.6. அந்தக் கூட்டத்துக்குள் வேலை கிடைக்காதவர்களின் பங்கு இரண்டாவது: 4.7. ஒரு பட்டதாரி விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்து நிறுத்தினால், தொழிற்படையிலிருந்தே கழன்றுவிடுவார். வேலையின்மை குறைந்ததாக அறிக்கை வரும். பிள்ளை திண்ணையில்தான் இருக்கும்.

கேள்வி: "முஸ்லிம் பெண்கள் வேலைக்குப் போவதில்லை, அதனால்தான் திருகோணமலை முன்னேறவில்லை" என்று பேஸ்புக்கில் ஒரு பொருளியல் மேதை எழுதுகிறாரே?
– கிண்ணியா வாசகி

பதில்: மேதையைக் கரைப்பக்கம் ஒருக்கால் அனுப்பிவையுங்கள். விடிய நெத்தலி காயப்போட்டு, வெயில் ஏற ஏறப் புரட்டி, காகத்துக்குக் காவல் இருந்து, பின்னேரம் யாவாரியோடு விலை பேசி முடித்த பெண்ணிடம் கணக்கெடுக்க வந்தவர் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால், "சும்மா வீட்டிலதான்" என்பார். குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் உதவினாலே விதிப்படி அவர் வேலை செய்பவர். ஆனால் அந்தச் "சும்மா" அவரை வெளியே தள்ளிவிடும். மகள் குவைத்துக்குப் போனால் இந்த வீட்டுக் கணக்கிலிருந்து அவரும் போய்விடுவார். காசு மட்டும் வரும். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் உம்மா எந்தக் கணக்கிலும் இல்லை.

கிழக்கில் பெண்களின் வீதம் நாட்டுச் சராசரியைவிடக் குறைவு என்பதை மறுக்கவில்லை. 2023இல் அந்தச் சராசரியே 31 சொச்சம்தான், ஆண்களுக்கு 68க்கு மேல். ஆனால் 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து திருகோணமலைப் பட்டணத்துக்கு வரப் பாதைப் படகில் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. காரணத்தை மார்க்கத்தில் தேடுவதற்கு முன் பஸ் நேர அட்டவணையில் தேடலாம்.

கேள்வி: அப்படியானால் எங்கள் தமிழ்ப் பெண்கள்?
– சம்பூர் வாசகர்

பதில்: எந்தத் தமிழ்ப் பெண்கள்? பெண்களின் பங்கேற்பில் நுவரெலியா நாட்டின் முன்வரிசையில் நிற்கும். அது தோட்டத்துத் தமிழ்ப் பெண்களின் கைவண்ணம். மட்டக்களப்பு பின்வரிசை. இரண்டு இடத்திலும் அதே தமிழ், அதே பொங்கல். வாசலில் வேலை இருக்கிறதா என்பதுதான் வேறு. இனத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் இந்த இரண்டு மாவட்டங்களையும் எப்படி விளக்குவார்கள் என்று எனக்கும் அறிய ஆசை. இன்னொன்று: அந்த முன்வரிசைப் பெண்களின் நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லயத்து அறையைப் பார்த்த எவரும் உயர்ந்த வீதத்தை வளம் என்று சொல்லமாட்டார்.

கேள்வி: வாடைக் காலத்தில் கணக்கெடுத்தால் மீனவர் எல்லோரும் வேலையில்லாதவர்களா?
– சல்லி வாசகர்

பதில்: அதற்காகத்தான் வருடம் முழுக்க எடுக்கிறார்கள்.

கேள்வி: அமெரிக்கா, தென்னாபிரிக்கா, மலேசியா எல்லாம் இனவாரியாக இந்த வீதத்தை வெளியிடுகின்றனவே. நாங்கள்?
– நிலாவெளி வாசகர்

பதில்: எங்கள் காலாண்டு அறிக்கையில் பால், வயது, கல்வி என்று பிரித்திருப்பார்கள், இனம் இராது. வெளியிடத்தான் வேண்டும் என்பேன், எண் இல்லாத இடத்தில் மேலே சொன்ன மேதைகள் குடியேறிவிடுகிறார்கள். ஆனால் கவனம். கணக்கெடுக்கப் போவது வருடத்துக்குச் சுமார் 25,000 வீடுகள், 25 மாவட்டங்கள். சராசரியாக மாவட்டத்துக்கு ஆயிரம். 2012 குடிசன மதிப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் முஸ்லிம்கள், 31 பேர் தமிழர், 27 பேர் சிங்களவர். அந்த ஆயிரத்தை இப்படி மூன்றாக்கி, பிறகு ஆண் பெண், வயது என்று நறுக்கினால் மிஞ்சுவது கொஞ்சப் பேர்தான். அதை வைத்து ஒரு சமூகத்தைச் சோம்பேறி என்றோ சுறுசுறுப்பு என்றோ சொல்ல முடியாது. குடிசன மதிப்பில் எல்லா வீட்டிலும் இனத்தையும் தொழிலையும் கேட்கிறார்கள். இந்தப் பிரிப்புக்கு அதுதான் தோதான இடம்.

கேள்வி: சீனக்குடா எண்ணெய்க் குதங்களைத் திருத்தினால் மூன்று இனத்துக்கும் வேலை வருமா?
– மூதூர் வாசகர்

பதில்: 2022 ஒப்பந்தத்தில் 99 குதங்களையும் யார் யாருக்கு என்று மூன்று பங்காகப் பிரித்தாயிற்று: 14, 24, 61. குதம் எண்ணெயைத்தான் கொள்ளும், ஆட்களை அல்ல. கட்டும்போது கூலி வேலை, கட்டி முடிந்தால் காவலும் குழாய் பார்ப்பவரும். விளம்பரம் வந்தால் விண்ணப்பப் படிவம் எந்த மொழியில் இருக்கிறது, மூதூரிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.