குக்ரி பாபு

தெற்குக் கொல்கத்தாவில் தெருவுக்கு ஒரு ஹோமியோபதி டாக்டர், ஒரு ரவீந்திர சங்கீத டீச்சர், ஒரு குக்ரி பாபு இருப்பார்கள். முதல் இருவரும் வாசலில் போர்டு மாட்டியிருப்பார்கள். மூன்றாமவரை நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது ஒன்றும் கஷ்டமில்லை. டிசம்பர் மாதச் சாயங்காலம், லேசாகக் காற்று வீசியதற்கே மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு, மண் குவளையில் டீயோடு, "காட்டில் ராத்தங்க எத்தனை அங்குலக் கத்தி வேண்டும்?" என்று யாரையாவது மடக்கிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

வயது ஐம்பதுக்கு மேல். பேங்க்கிலோ இன்ஷூரன்ஸிலோ உத்தியோகம். ஜோல்னாப் பையில் ஜெலுசில் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். சின்ன வயதில் 'சாந்தேர் பஹார்' படித்துக் கெட்டுப்போனவர். வங்க எழுத்தாளர் விபூதிபூஷண் 1930-களில் எழுதிய நாவல் அது. சணல் ஆலை வேலைக்குப் போகப் பிடிக்காத சங்கர் என்ற வங்காளப் பையன் ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிங்கம், எரிமலை, வைரம் எல்லாம் பார்க்கிற கதை. எழுதியவர் ஆப்பிரிக்காவில் கால் வைத்ததே இல்லை. காட்டுக்குப் போகாமலே காட்டைப் பற்றி எழுதலாமென்றால், காட்டுக்குப் போகாமலே காட்டுக்கத்தி வாங்கக் கூடாதா? பாபுவின் கட்சி இதுதான்.

வாங்குவது என்று கிளம்பிவிட்டால் பத்துப் பொருத்தமும் பார்ப்பார். முதலில் இரும்பு. கார்பன் ஸ்டீல் என்றால் அடி தாங்கும், சாணை பிடிப்பதும் சுலபம். ஆனால் கொல்கத்தாவின் மழைக்காலக் காற்றுக்கு அது பிடிக்காது, துரு ஏறிவிடும். ஸ்டெயின்லெஸ் துருவுக்கு அஞ்சாது. அவரோ அதைச் சமையலறைச் சாமான் என்று ஒதுக்கிவிடுவார். அப்புறம் கனம். தென் அமெரிக்காவின் மச்செட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், பச்சைக் கொடியையும் புதரையும் வீசி வெட்டுவதற்கென்றே செய்தது. நேபாளத்து வளைகத்தியான குக்ரியின் முதுகு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு, காய்ந்த விறகைப் பிளக்க. மெல்லியதைக் கொண்டு விறகைப் பிளந்தால் கத்தி வளையும், தடித்ததை நாளெல்லாம் வீசினால் மணிக்கட்டு வீங்கும். அடுத்தது ராக்வெல் எண் என்று ஒரு கடினத்தன்மைக் கணக்கு. ஓங்கி வெட்டுகிற கத்திக்கு 55 முதல் 58 வரை போதும், அதைத் தாண்டினால் வாய் சில்லுச் சில்லாகப் பெயரும். கடைசியாகப் பிடி. இரும்பு பிடியின் கோடிவரை ஓடியிருக்கிறதா, மரம் அதோடு சேர்த்து அறையப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் ஓங்கின வேகத்தில் பிடி நம் கையிலும் கத்தி பக்கத்து டென்ட்டிலும் இருக்கும்.

இத்தனையும் சரியாகத்தான் சொல்வார், சிக்கலே அதில்தான். தப்பும் தவறுமாக உளறுகிறவர் என்றால் எழுந்து போய்விடலாம்.

அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் முதல் குக்ரி, கல்யாணமான புதிதில் டார்ஜிலிங் போனபோது சௌரஸ்தாவில் வாங்கியது. சிவப்பு வெல்வெட் உறை, பித்தளைச் சிங்கமுகப் பிடி. கொய்யாப்பழத்தின் மேல் வைத்து அழுத்தினால் பழம் நசுங்கும், வெட்டுப்படாது. அடுத்தது அசல் சரக்கு. உறையில் கர்தா, சக்மக் என்று இரண்டு குட்டிக் கத்திகள் கூடவே உண்டு. கர்தா சில்லறை வேலைக்கு. சக்மக்குக்குக் கூர் கிடையாது, கல்லில் தட்டித் தீப்பொறி எடுக்கவும் பெரிய கத்தியின் வாயைத் தீட்டவும் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுதும் பால்கனியில் உட்கார்ந்து அதைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தார். பௌதி, அதாவது அண்ணி, ஒன்றும் பேசாமல் வந்து கேஸ் லைட்டரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மச்செட்டி பிற்பாடு கூரியரில் வந்தது. மூன்றுக்கும் வாரம் ஒரு முறை கடுகெண்ணெய்க் காப்பு. இலிஷ் மீன் பொரிக்க எண்ணெய் போதவில்லை என்று பௌதி குரல் கொடுத்தால் அன்றைக்குக் கத்திகளுக்கு அபிஷேகம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

தமிழன் என்பதால் என்மேல் அவருக்குத் தனி மரியாதை. எல்லாம் டப்பிங் படங்கள் செய்த புண்ணியம்.

"மோஷாய், உங்கள் பக்கத்தில் அரிவாளுக்கென்றே ஒரு ஊர் இருக்கிறதாமே?"

"திருப்பாச்சேத்தி. சிவகங்கை மாவட்டம், தாதா."

"ஊருக்குப் போனால் ஒன்று வாங்கி வாருங்கள். நல்ல வளைவாக."

லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாகக் காப்பிப்பொடியும் வாழையிலையும் வாங்கிக் காலம் தள்ளுகிற கூட்டம் எங்களுடையது. எங்கள் வீட்டு ஆயுதங்களில் பெரியது தேங்காய்த் துருவிதான் என்பதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, திருப்பாச்சேத்திப் பட்டறையானாலும் நேபாளத்துப் பட்டறையானாலும் பழைய லாரியின் ஸ்ப்ரிங் பட்டைதான் உலையில் காய்ந்து அரிவாளாகவும் குக்ரியாகவும் ஆகிறது என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து தெருவில் லாரி நின்றால் குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்க்காமல் அவரால் நகர முடிவதில்லை. டிரைவர்கள் இறங்கி வந்து என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்.

சட்டத்தைக் காட்டியும் பயமுறுத்திப் பார்த்தேன். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், அதன்கீழ் வந்த 2016 விதிகள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் இருக்கின்றன, குக்ரியின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கென்று செய்தவை மட்டும் அதில் சேராது. பாபு நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பால்கனிக்கு அழைத்துப் போய்த் தமது விவசாயத்தைக் காட்டினார். இரண்டு துளசி, ஒரு பச்சை மிளகாய்ச் செடி, நாங்கள் கொடுத்த கறிவேப்பிலைக் கன்று.

வருஷத்துக்கு ஒரு தடவை நிஜமாகவே கிளம்புவார், அதையும் சொல்லிவிட வேண்டும். வங்காளத்தில் மலையேற்ற கிளப்புகளுக்குக் குறைவில்லை. குளிர் வந்தால் பாங்குரா மாவட்டத்து சுசுனியா குன்றில் பாறை ஏறப் பயிற்சி, புருலியாவின் அயோத்தியா மலையில் முகாம். சத்யஜித் ராய் 1980-ல் வெளியிட்ட 'ஹீரக் ராஜார் தேஷே' படத்தில் வரும் ஜெய்சண்டி மலையும் புருலியாவில்தான், அங்கே நின்று ஒரு போட்டோ கட்டாயம். மெட்ரோ வாசலில் பையை எக்ஸ்ரேயில் விடுவார்கள் என்பதால் குக்ரி மட்டும் ஹௌரா வரைக்கும் மஞ்சள் டாக்ஸியில் ராஜ மரியாதையோடு போகும். ராத்திரி சக்ரதர்பூர் வண்டியில் ஏறியதும் லூச்சியும் ஆலூர் தமும் பிரிக்கப்படும். வண்டியின் ஆட்டத்தில் ஒரு கையால் லூச்சி, மறு கையால் கத்தி பத்திரம்.

ஒரு தடவை நானும் கூடப் போனேன். முகாமில் போய்ப் பார்த்தால் டென்ட் ஏற்கெனவே அடித்திருக்கிறது. சமையலுக்கு ஆள் வந்திருக்கிறார், அவரிடம் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. ரிசர்வ் காட்டில் மரத்தில் கை வைத்தால் 1927-ம் ஆண்டு வனச்சட்டம் பாயும். ராத்திரி நெருப்புக்கு வேண்டிய விறகைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கட்டாக வாங்கி வந்திருக்கிறார்கள், அதுவும் பிளந்து வைத்தது. மூன்று நாள் இடுப்பில் தொங்கிய குக்ரிக்கு ஒரே ஒரு வேலை கிடைத்தது. வட்ட வட்டமாக உறைந்த பாட்டாலி வெல்லம் கல்லாக இறுகியிருந்ததை நாலு பேர் சுற்றி நின்று ஆரவாரிக்க, பாபு ஒரே போடாகப் போட்டார். வெல்லம் பறந்தது, ஆளுக்கொரு பக்கம் பொறுக்கினார்கள். அந்தப் பயணத்தின் வேட்டை அதுதான்.

அந்த வெல்லத்துக்குச் சாறு இறக்கும் ஷியுலியை மறுநாள் விடியற்காலையில் பார்த்தோம். வெறுங்காலோடு ஈச்சமரத்தில் ஏறி, இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நின்று, மட்டை உரித்த இடத்தைத் தோல் சீவுகிற மாதிரி அவ்வளவு மெல்லிசாகச் சீவினார். ஆழமாகப் போனால் மரம் போய்விடும், மேலோடு போனால் சாறு இறங்காது. கனத்த கத்தி அது, ஆனால் சுருள் சுருளாக விழுந்த சீவலில் பிசிர் இல்லை. அவர் கீழே இறங்கியதும் பாபு ஓடினார்.

"இது என்ன ஸ்டீல், பாய்?"

அந்த மனிதர் கத்தியை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இரும்பு."

ஊர் திரும்பியதும் குக்ரிக்குச் சுவர். ஒருநாள் பௌதி ஒரு பலாப்பிஞ்சை, இங்கே ஏஞ்சோர் என்பார்கள், பிளந்து கொடுக்கச் சொன்னார். பால் ஒட்டும், வாய் மழுங்கும் என்று பாபு மறுத்துவிட்டார். பௌதி தரையில் உட்கார்ந்தார், கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டார், பொன்ட்டியின் அடிக்கட்டையைக் காலால் அமுக்கினார். நம் அரிவாள்மணையின் வங்காளத்து உடன்பிறப்பு அது. இரண்டு கையாலும் பிடித்து ஒரு தள்ளு, பலா இரண்டு பாதி. பாபு அந்த நேரத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது முகாமுக்குக் கத்தி வேண்டுமென்றால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கயிறு அறுக்க, வெங்காயம் நறுக்க, ரொட்டியில் ஜாம் தடவ நாலு அங்குலக் கத்தி தாராளம். சொந்தத் தோப்பு, துரவு இருந்து விறகு பிளக்கவும் புதர் கழிக்கவும் வேண்டியிருந்தால், உங்கள் ஊர்ப் பட்டறையில் வேலையைச் சொல்லி அதற்கேற்ற அரிவாள் அடித்து வாங்குங்கள், விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், ஈரம் துடைத்து எண்ணெய் போட்டு வையுங்கள். சந்தேகம் இருந்தால் குக்ரி பாபுவிடம் கேட்க வேண்டாம், சாயங்காலம் போய்விடும். லேக் மார்க்கெட்டில் ஆளுயர மேடைமேல் உட்கார்ந்து பெரிய பெரிய கட்லாவைத் துண்டு போடுகிறாரே, அந்த மீன்காரரிடம் கேளுங்கள். காலையில் மட்டும் போகாதீர்கள், வியாபார நேரம், திட்டுவார்.