அத்தைக்கு மீசை முளைத்த தேர்தல்

வாலே பேராண்டி, வா. திண்ணையில எடம் கெடக்கு, உக்காரு. கையில இருக்க போனை மட்டும் செத்த நேரம் கவுத்தி வை. அது ஒண்ணும் கயித்தை அத்துக்கிட்டு ஓடிராது.

என்னமோ கதை எழுதுதியாமே? உங்க ஆச்சி சொன்னா. அமெரிக்காக் கதையாம். நடந்தது அப்படி நடக்காம இப்படி நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு ஒரு தினுசுக் கதையாம். அந்த ஊரு ஜனாதிபதித் தேர்தல்ல சனம் முழுக்க வீட்டுல படுத்தபடி இன்டர்நெட்டுலயே ஓட்டைக் குத்தியிருந்தா யாரு செயிச்சிருப்பான்னு மூணு நாளா சோறு தண்ணி இல்லாம மண்டையைப் போட்டு உருட்டுதியாம். அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பான்னு எங்க காலத்துல ஒரே வரியில முடிச்சிருவோம். நீங்க அதை முந்நூறு பக்கத்துக்கு இழுக்கீங்க. இழுங்க, இழுங்க. தாளா செலவாகுது?

ஆனா ஒண்ணு கேட்டுக்க. அம்பது வருசமா பேப்பர் மேஞ்சவன் நான். நீ இதுக்குக் கற்பனையே பண்ண வேண்டாம்லே. அந்த நாட்டுல அத்தைக்கு நெசமாவே மீசை அரும்பியிருக்கு. ஒரு தடவை இல்ல, ரெண்டு மூணு தடவை. விடியக்குள்ள யாரோ மழிச்சு விட்டுட்டாங்க, அம்புட்டுத்தான்.

2003 ஜூன் மாசம். புஷ்ஷை எதுத்து நிக்க சனநாயகக் கட்சியில ஒம்பது பேரு முட்டி மோதிக்கிட்டு இருந்த நேரம். மூவ்ஆன்னு ஒரு அமைப்பு ரெண்டு நாளு இன்டர்நெட்டுல ஓட்டெடுப்பு வச்சது. மூணு லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்தது. ஹோவர்ட் டீன்னு ஒருத்தர், வெர்மான்ட் மாநிலத்து முன்னாள் கவர்னர், தொழில்ல டாக்டர். நூத்துக்கு 44 ஓட்டு அவருக்கு. அதே போட்டியில நின்ன ஜான் கெர்ரிக்கு 16 கூட முழுசாத் தேறல. உன் கதைப்படி பாத்தா அன்னைக்கே டீன் ஐயாவுக்குப் பதவியேற்புக் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கணும், இல்லையா?

இப்போ அடுத்த சனவரிக்கு வா. 2004, சனவரி 19. அயோவா. சோளமும் பன்னியும் வளக்கிற சம்சாரிங்க நாடு. நல்ல குளிரு. அங்கன அந்தக் கட்சிக்காரங்க அந்தக் காலத்துல வேட்பாளரை எடுத்த முறையைக் கேட்டா உனக்குச் சிரிப்பு வரும். பெட்டியும் கெடையாது, சீட்டும் கெடையாது. சாயந்தரம் ஆறரை மணிக்கு அந்தந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடத்துலயோ மண்டபத்துலயோ போயிக் கூடணும். கெர்ரி வேணும்ங்கவன் இந்த மூலை. டீன் வேணும்ங்கவன் அந்த மூலை. ஆடு எண்ணுத மாதிரி தலையை எண்ணுவாங்க. ஒரு மூலையில நூத்துக்குப் பதினஞ்சு தலை தேறலைன்னா, பெரும்பாலும் அந்தக் கூட்டம் கலைஞ்சு வேற மூலைக்குப் போகணும். அப்போ பாக்கணும் கூத்தை. அண்டை வீட்டுக்காரன் வந்து கையைப் பிடிச்சு இழுப்பான். உனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் எதுத்த மூலையில நின்னு உன்னையே பாப்பாரு. நீ யாரு பக்கம்னு ஊருக்கே தெரியும். கால் கடுக்க நிக்கணும், மூஞ்சியைக் காட்டி நிக்கணும்.

டீனோட ஆளுங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? வெளி மாநிலங்கள்ல இருந்து ஆயிரக்கணக்குல இளவட்டங்க வந்து எறங்குச்சு. தலையில ஆரஞ்சு கலருல குல்லா. வீடு வீடாப் போயிக் கதவைத் தட்டுச்சு. மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போற சம்சாரிகிட்ட, முன்னப் பின்ன தெரியாத ஒரு குல்லா வந்து நின்னு, யாருக்கு ஓட்டுப் போடணும்னு சொல்லிக் கொடுத்தா எப்படி இருக்கும்? நான்னா மோரு கொடுத்து அனுப்பியிருப்பேன். ஓட்டு கொடுத்திருக்க மாட்டேன்.

அன்னைக்கு ராத்திரி எண்ணினா கெர்ரிக்கு 38, போட்டியில இருந்த எட்வர்ட்ஸுக்கு 32, டீனுக்கு 18. மூணாவது எடம். ஐயா அன்னைக்கு மேடையில தொண்டை கிழிய ஒரு கத்து கத்தினாரு பாரு, டெலிவிசன்காரன் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் போட்டு மனுசனைக் கேலிப் பொருளாக்கிட்டான். அது பாவம்தான். கடைசியில மாநிலம்னு அவரு செயிச்சது வெர்மான்ட் ஒண்ணே ஒண்ணு. அதுவும் போட்டியில இருந்து விலகின பெறவு.

2008-க்கு வாரியா? அங்கயும் ஒரு டாக்டர். ரான் பால்னு பேரு, டெக்சாஸ்காரர், பிள்ளைப்பேறு பாத்தவரு. எனக்கே அந்த மனுசனைப் பிடிக்கும், சண்டை வேண்டாம், கடன் வாங்காதேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. குடியரசுக் கட்சிக்காரங்க ஒரு விவாதம் முடிச்சதும் டெலிவிசன் கம்பெனி ஒண்ணு, யாரு நல்லாப் பேசினான்னு இன்டர்நெட்டுல கேட்டது. நூத்துக்கு 75 பேரு பால்னுட்டாங்க. கம்பெனிக்காரன் பயந்து போயி அந்த ஓட்டெடுப்பையே தூக்கிட்டான். 2007 டிசம்பர்ல ஒரே நாள்ல 60 லட்சம் டாலர் அவருக்கு இன்டர்நெட்டுல குவிஞ்சது. ரசிகமாருங்க காசு போட்டு, அவரு பேரை எழுதின ராட்சசப் பலூனு ஒண்ணை ஆகாயத்துல பறக்க விட்டாங்க. அயோவாவுல அஞ்சாவது எடம். நியூ ஹாம்ப்சயர்லயும் அஞ்சாவது எடம். வானத்துல ஏற ஆளிருந்தது, கூரை ஏறிக் கோழி பிடிக்கத்தான் ஆளில்ல.

'கெழவனுக்கு இளவட்டங்க மேல பொறாமை'ன்னு நெனைக்காதே. கோட்டும் சூட்டும் போட்ட பெரிய மனுசங்களும் இதே பள்ளத்துல விழுந்திருக்காங்க. 1936-ல லிட்டரரி டைஜஸ்ட்னு பேர் போன பத்திரிகை ஜனாதிபதித் தேர்தல்ல யாருக்கு ஓட்டுன்னு கேட்டு ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பிச்சு. விலாசம் எங்க எடுத்தான்? டெலிபோன் புத்தகத்துல, மோட்டார் கார் வச்சிருக்கவன் பட்டியல்ல. பஞ்ச காலத்துல போனும் காரும் எவன் வச்சிருப்பான்? இருபது லட்சத்துக்கு மேல பதிலு வந்தது. ரூஸ்வெல்ட்டை எதுத்து நின்ன லேண்டன்தான் செயிப்பாருன்னு அச்சடிச்சான். ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46-ஐ அள்ளிக்கிட்டுப் போனாரு. ரெண்டு வருசத்துல பத்திரிகையே மண்ணாப் போச்சு. கையில போன் வச்சிருக்கவனெல்லாம் சேந்தா அதுதான் நாடுன்னு நெனைக்கிற கிறுக்கு உங்க காலத்துல முளைச்சது இல்லலே.

'தாத்தா, அதெல்லாம் சும்மா கருத்துக் கணிப்பு. சட்டப்படி, பூட்டுச் சாவியோட, சுத்தமா இன்டர்நெட்டுல தேர்தல் நடத்தினா?'ன்னு இழுப்பே. தெரியும்லே, வாயைத் தொறக்கும்போதே தெரியும்.

அதையும் பாத்தாச்சு. 2000 மார்ச்சுல அரிசோனாவுல சனநாயகக் கட்சி, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க இன்டர்நெட்டுல ஓட்டுப் போட விட்டது. ஆளாளுக்குத் தபால்ல ரகசிய எண்ணு. நாப்பதாயிரம் பேரு சுமாருக்குப் போட்டாங்க. ஓட்டு நடந்துக்கிட்டு இருக்கும்போதே அல் கோரை எதுத்து நின்ன பிராட்லி போட்டியில இருந்து விலகிட்டாரு! மாப்பிள்ளை எந்திரிச்சுப் போன பெறவும் நாதசுரம் வாசிச்ச கல்யாணம் அது.

2010-ல வாஷிங்டன் நகரத்துல இன்னொண்ணு. வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கவங்க ஓட்டுப் போட ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. செஞ்சவங்க நேர்மையான ஆளுங்கதான். தேர்தலுக்கு முன்னால, முடிஞ்சா ஒடைச்சுப் பாருங்கன்னு ஊருக்கே சவால் விட்டாங்க. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஹால்டர்மேன்னு ஒரு பேராசிரியரும் அவரு பசங்களும் ரெண்டு நாளைக்குள்ள உள்ள பூந்துட்டாங்க. போட்ட ஓட்டையெல்லாம் மாத்தினாங்க. கார்ட்டூன்ல வார பெண்டர்னு ஒரு குடிகார ரோபோ உண்டாம்லா, அதுக்குப் பள்ளிக்கூட வாரியத்துப் பதவிக்கு ஓட்டுக் குத்தினாங்க. ஓட்டுப் போட்டு முடிச்சா, நன்றின்னு காட்டுற பக்கத்துல செத்த நேரங்கழிச்சு அவங்க பல்கலைக்கழகப் பாட்டுப் பாடுச்சு. கம்ப்யூட்டர் இருக்க அறைக்குள்ள மாட்டியிருந்த கேமரா வழியா, காவக்காரன் வாரது போறது வரைக்கும் மிச்சிகன்ல உக்காந்து பாத்தாங்க. ஒரு பெட்டிக்குக் கம்பெனி வச்ச கடவுச்சொல்லைக் கூட மாத்தலையாம். அதிகாரிங்களுக்கு ரெண்டு நாளா ஒரு விவரமும் தெரியல. பாட்டு கேட்ட பெறவுதான் முழிச்சாங்க. அந்தப் பசங்க பாட்டு வைக்காம இருந்திருந்தா? அதை எழுதுலே. அதுதான் கதை.

பாட்டு வைக்கத் திருடனுக்கு என்ன கிறுக்கா?

காகிதம் மட்டும் ஒழுங்கான்னு கேப்பே. கேளு. அதே 2000 நவம்பர்ல புளோரிடாவுல காகித அட்டையில ஓட்டை குத்தினாங்க. அறுபது லட்சத்துக்குக் கிட்ட விழுந்த ஓட்டுல புஷ்ஷுக்கும் கோருக்கும் வித்தியாசம் 537. குத்தின எடத்துல துணுக்கு முழுசா விழாம தொங்கிச்சு. தொங்கினா ஓட்டா, பிதுங்கினா ஓட்டான்னு ஒரு நீதிபதி பூதக்கண்ணாடியை வச்சுக் கண்ணை உருட்டிக்கிட்டு அட்டையைப் பாத்தாரே, அந்தப் படத்தை இன்னும் மறக்க முடியல. பல்லுல மாட்டின கீரை மாதிரி ஒரு துணுக்கு, அதுக்கு ஒரு வல்லரசு ஒரு மாசத்துக்கு மேல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னது. கடைசியில உச்ச நீதிமன்றத்துல அஞ்சுக்கு நாலுன்னு தீர்ப்பு. நாடு முழுக்க அஞ்சு லட்சத்துக்கு மேல கூடுதலா ஓட்டு வாங்கின கோர், மறுநாளு 'சரி, தோத்தேன்'னுட்டு வீட்டுக்குப் போனாரு.

உலகமே கெக்கெக்கேன்னு சிரிச்சது. நானும் சிரிச்சேன். பெறவு ரோசிச்சுப் பாத்தா சிரிப்பு நின்னு போச்சு. ஏம்லே, அந்த அட்டையை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாக்கவாவது முடிஞ்சதா இல்லையா? ரெண்டு கட்சிக்காரனும் ரெண்டு பக்கம் நின்னு எட்டிப் பாத்தானா இல்லையா? செயிச்சவனைக் கண்டுபிடிக்கவா தேர்தல் நடத்துதோம்? செயிச்சவனுக்குத்தான் மொதல்லயே தெரியுமே. தோத்தவன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போகணும், அதுக்குத்தான் இம்புட்டுப் பாடும். கம்ப்யூட்டரைக் கேட்டா 'நான் சரியாத்தான் எண்ணினேன்'ங்கும். மறுபடி கேட்டா மறுபடியும் அதையே சொல்லும். மாமியா காணாமப் போன முருக்கை மருமககிட்ட கேட்ட மாதிரி.

2020-ல ஜார்ஜியாவுல அம்பது லட்சம் காகிதச் சீட்டைக் கையாலயே திரும்ப எண்ணினாங்க. பைடனுக்குப் பன்னெண்டாயிரம் சுமாருக்குக் கூடுதல்னு மறுபடியும் அதே ஆளுதான் வந்தாரு. அப்பவும் ஒத்துக்க மாட்டேன்னு நின்னவங்க எத்தனை பேரு? காகிதம் கண்ணு முன்னால கெடக்கும்போதே அந்தக் கூத்துன்னா, காகிதமே இல்லைன்னா?

எஸ்டோனியான்னு ஒரு நாடு இருக்குன்னு சொல்லப் போற. இருக்கு. பதிமூணு லட்சம் சனம். 2005-ல இருந்து இன்டர்நெட்டுலயும் போடுதாங்க. 2023-ல பாதிக்கு மேல அப்படித்தான் விழுந்தது. ஆனா அவன் ஆளுக்கொரு சில்லு வச்ச அடையாள அட்டை கொடுத்துட்டுத்தான் ஆரம்பிச்சான். மிரட்டிப் போட வச்சா திரும்பப் போட்டுக்கலாம், கடைசியாப் போட்டதுதான் செல்லும். அமெரிக்காவுல நாடு முழுக்க ஒரே அட்டைன்னு ஒண்ணு கெடையாது. கேட்டா அரசாங்கம் வேவு பாக்குதும்பான். அடுப்பே போடாம பந்திக்கு எலை போடுத ஆளுங்க. தூர தேசத்துல இருக்க பட்டாளத்துக்காரனுக்கு இன்டர்நெட்டு ஓட்டு வேணும்தான், அதை நான் மறுக்கல. சில மாநிலங்கள்ல அவங்களுக்கு ஈமெயில்ல அனுப்பவும் விடுதாங்க.

அதை விடு. அவங்க ஓட்டுப் போடுத கெழமை தெரியுமா? நவம்பர்ல மொத திங்களுக்கு மறுநாள், செவ்வாய். 1845-ல போட்ட சட்டம். ஞாயித்துக்கெழமை கோயிலு, புதங்கெழமை சந்தை, நடுவுல குதிரை வண்டி கட்டி ஊருக்கு வந்து ஓட்டுப் போட ஒரு நாளுன்னு சொல்லுதாங்க. குதிரையும் போச்சு, வண்டியும் போச்சு, செவ்வாய் மட்டும் அசையல. அந்த ஒரு கெழமையை மாத்த முடியாத சனம், ஓட்டுப் பெட்டியை உன் போனுக்குள்ள கொண்டாந்துருமாக்கும்?

சரி, கதையை முடிக்கணும்ங்கே. 2004-க்கு டீனை வை. 2008-க்குப் பாலை வை. 2012-க்கு யாரு?

அதுக்கும் ஆளுங்க கெளம்பினாங்கலே. அமெரிக்கன்ஸ் எலெக்ட்னு பேரு. ரெண்டு கட்சியும் வேண்டாம், சனமே இன்டர்நெட்டுல வேட்பாளரைத் தேடிப் பிடிக்கட்டும்னாங்க. மூணரைக் கோடி டாலர் செலவு. வீதி வீதியா நின்னு லட்சக்கணக்குல கையெழுத்து வாங்கி, இருபத்தஞ்சு மாநிலத்துக்கு மேல வாக்குச் சீட்டுல எடம் பிடிச்சு வச்சாங்க. பந்தல் போட்டாச்சு, வாழை கட்டியாச்சு. வேட்பாளருக்கு வேண்டிய ஆதரவு, பேர் தெரிஞ்ச ஆளா இருந்தா வெறும் பத்தாயிரம் பேரு, அதுலயும் பத்து மாநிலத்துல மாநிலத்துக்கு ஆயிரம். நிக்கேன்னு வந்தவங்கள்ல லூசியானாவோட முன்னாள் கவர்னர் பட்டி ரோமர்தான் முன்னால நின்னாரு. அவருக்கு ஆறாயிரத்துச் சொச்சம். நிக்க வந்த மத்தவங்களுக்கு அதுவும் இல்ல. மே மாசமே கடையைச் சாத்திட்டாங்க.

இப்போ சொல்லு, உன் கதையில 2012-க்கு அந்த நாற்காலியில யாரை உக்கார வைப்பே? ரோசிச்சுட்டு வா. வரும்போது ஆச்சிகிட்ட ஒரு செம்பு மோரு வாங்கிட்டு வா, நடந்து போயி வாங்கணும்.