திருத்தணியில் டெவலப்பர் குழு: மூன்றே கூட்டத்தில் இழுத்து மூடுவது எப்படி?

மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஒரு டெவலப்பர் மீட்-அப் பார்த்தீர்கள். அரக்கோணம் தாண்டித் திரும்பி வருவதற்குள், நம்ம ஊரிலும் ஒன்று ஆரம்பித்தால் என்ன என்று தோன்றிவிட்டது. தாராளமாக ஆரம்பியுங்கள். அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும். மூடுவதற்குத்தான் பயிற்சி தேவை. கீழே இருப்பதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே பழகியிருப்பீர்கள். மீதியையும் கற்றுக்கொள்ளுங்கள்.

1. தேதியை நிலையாக வைக்காதீர்கள். இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை 1998-ல் தொடங்கியது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை என்று ஒரே நாளை வைத்துக்கொண்டு, ஐஐடி விண்வெளிப் பொறியியல் துறையின் வகுப்பறையில் வருடக்கணக்கில் கூடினார்கள். கால் நூற்றாண்டு ஆகியும் அந்தக் குழு ஒழியவில்லை. உங்களுக்கு அந்தக் கதி வேண்டாம். முதல் கூட்டத்தை ஆடிக் கிருத்திகையன்று வையுங்கள். பஸ் ஊருக்குள் வராது, காவடிக் கூட்டத்தில் யாராலும் தெருவைத் தாண்ட முடியாது. இரண்டாவதை டிசம்பர் 31 இரவு, படித்திருவிழா நேரத்தில் வையுங்கள். ஊரில் லட்சம் பேர் இருந்தும் உங்கள் அறையில் நாலு பேர்தான் இருப்பார்கள்.

2. மேடை போடுங்கள். டியூஷன் சென்டர் அறைதான் என்றாலும் குத்துவிளக்கு கட்டாயம். வரவேற்புரையை 1888-லிருந்து தொடங்குங்கள். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் இந்த ஊரில் பிறந்த வருடம் அது. ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் பிடிக்கும். பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, கவுன்சிலர் வாழ்த்துரை. இரண்டு மணி நேரக் கூட்டத்தில் தொழில்நுட்பத்துக்கு இருபது நிமிடம் மிஞ்சினால் உங்கள் திட்டமிடலில் ஏதோ கோளாறு.

3. தலைப்பு பெரிதாக இருக்கட்டும். ‘செயற்கை நுண்ணறிவும் மனித குலத்தின் நாளையும்’ சரியான தலைப்பு. ‘மாமாவின் அரிசி மண்டிக்கு நான் எழுதிய பில் போடும் பைதான் நிரல்’ மகா ஆபத்து. கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் அதைச் செய்து பார்த்துவிடுவார்கள். ஸ்லைடு எத்தனை? நம்ம ஊர் முருகன் மலைக்கு 365 படி. அதற்குக் குறையாமல் போடுங்கள். ஒவ்வொன்றையும் வரி விடாமல் வாசியுங்கள், படிக்குப் படி நின்று திருப்புகழ் பாடுகிறவர்களுக்கு இருக்கும் அதே நிதானத்தோடு.

4. மொழி விஷயத்தில் நடுநிலை முக்கியம். தமிழில் பேசினால் உள்ளூர்க்காரருக்குப் புரியும். தெலுங்கில் பேசினால் நகரியிலிருந்து வந்தவருக்குப் புரியும். ஒரு பக்கம் சாய்ந்ததாகப் பேர் வரும். இரண்டு தரப்புக்கும் சமமாகப் புரியாதபடி ஆங்கிலத்தில் பேசிவிடுங்கள். கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறதே என்று யாராவது சொன்னால், அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்படாதவர்போல முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

5. நேரடி டெமோ. இங்கேதான் உங்கள் முழுத் திறமையும் தெரியும். முந்தின நாள் ஒத்திகை பார்க்காதீர்கள். புரொஜெக்டருக்கு எந்த கேபிள் என்று கேட்டு வைக்காதீர்கள். கூட்டம் உட்கார்ந்த பிறகு கடைத்தெருவுக்கு ஒரு பையனை அனுப்பிக்கொள்ளலாம். கறுப்புத் திரை, சாம்பல் எழுத்து, அளவு ஒன்பது. ‘பின்னாடி தெரியுதா?’ என்று கேளுங்கள். தெரியவில்லை என்று பதில் வந்தால் சிரித்துவிட்டு மேலே போங்கள். லைப்ரரிகளை மேடையில்தான் இறக்க வேண்டும், அதுவும் செல்போன் ஹாட்ஸ்பாட்டில். பதினொரு சதவீதத்தில் அது நிற்கும்போது வாட்ஸ்அப் வெப் திறந்தே இருக்கட்டும். ‘வரும்போது பால் வாங்கிட்டு வா’ என்ற அம்மாவின் செய்தி திரையின் மூலையில் வந்து போகும். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் புரிந்த ஒரே வரி அதுவாகத்தான் இருக்கும். பதற்றத்தில் கம்பெனியின் ரகசியச் சாவிகள் உள்ள கோப்பைத் திறந்து கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். கடைசியில், ‘வீட்ல ஓடுச்சுங்க.’

6. கேள்வி நேரம். ‘இது கேள்வி இல்லை, ஒரு கருத்து’ என்று எழுபவரிடம் மைக்கைக் கொடுத்துவிடுங்கள். அவர் திரும்பத் தர மாட்டார். அவர் தொண்டை வறண்டால் நீங்கள் தொடருங்கள்: உள்தள்ளலுக்கு டேபா, ஸ்பேஸா? ம.பொ.சி. போராடிய ஆந்திர எல்லைத் தகராறுகூட 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நம் பக்கம் வந்ததோடு முடிந்தது. இது முடியாது. பேச்சாளர் ‘எனக்கு ட்ரெயின் இருக்குங்க’ என்று பையை எடுக்கும்வரை விடாதீர்கள்.

7. கடைசி வரிசையில் ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். தானாக ஏதோ எழுதிப் பார்த்திருப்பாள், காட்டலாமா என்று தயங்குவாள். அந்தத் தயக்கத்தைக் காப்பாற்றுங்கள். 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டு கார் ஷெட்டில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்று பின்னால் பேர் வைத்துக்கொண்டார்கள். பொன்னாடை கிடையாது. அங்கே வந்த ஸ்டீவ் வோஸ்னியாக் என்ற கூச்ச சுபாவி, தான் வடிவமைத்த கணினியின் சர்க்யூட் படத்தை நகலெடுத்து எல்லோருக்கும் சும்மா கொடுத்தார். அதுதான் ஆப்பிள் 1. கூச்சப்படுகிறவர்களைப் பேசவிட்டால் எங்கே கொண்டுபோய் விடும், பார்த்தீர்களா? அவள் கை தூக்கினால், ‘எந்தக் காலேஜ்மா? எந்த வருஷம்? ஆஃப்லைன்ல பேசிக்கலாம்’ என்று மூச்சு விடாமல் சொல்லி உட்காரவையுங்கள்.

8. சான்றிதழை வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். உள்ளே வருகிற சிரமம் யாருக்கும் இருக்காது.

9. குரூப் போட்டோவை லிங்க்ட்இன்னில் போடுங்கள். காலி நாற்காலிகளை வெட்டிவிட்டு.

இவ்வளவுக்குப் பிறகும் நாலாவது கூட்டத்துக்கு ஒருவர் வந்து நிற்பார். கவலைப்படாதீர்கள், அவரை ஒருங்கிணைப்பாளர் ஆக்குங்கள். வாடகை, சமோசா, பேச்சாளரின் ஆட்டோ காசு எல்லாம் அவர் பொறுப்பு. அறைச் சாவியையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். குழுவின் அட்மின் உரிமையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.